தீவில் வைத்த பூ

12.03.2007, திங்கள். பிராங்பேர்ட்.

மகள் கப்பல் பயணத்துப் படங்களைக் கொண்டுவந்தாள். கரீபியன் தீவில் இறங்கியபோது, வரவேற்க நின்ற பெண் என் காதோரம் ஒரு செவ்வரத்தம்பூவைச் செருகிவிட்டாள். இவர் செத்து எட்டு மாதம்தான். பதறிப்போய்ப் பிடுங்கிவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது. புருஷன் இல்லாதவள் பூ வைப்பதில்லை என்று அவளுக்குச் சொல்ல எனக்குப் பாஷை தெரியவில்லை.

பிடுங்குவதற்குள் மகள் படம் எடுத்திருக்கிறாள். அதில் நான் பூவோடு சிரிக்கிறேன்.

"பாருங்கோம்மா, அப்பா போனபிறகு இப்பதான் சிரிச்சிருக்கிறியள். பிரேம் போடுவம்."

"உனக்கென்ன விசரே? ஆக்கள் பாத்தா என்ன கதைப்பினம்?"

படத்தைப் பறித்து அலமாரியில் சேலைக்குள் ஒளித்தேன். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

இப்போது எடுத்துப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் சிரித்திருக்கிறேன். ஆக்கள் கிடக்கட்டும். சுவரில் இருக்கிற இவருக்கு இதை எப்படிக் காட்டுவேன்?