மச்சான் பட்டை உரித்த மாமரம்

6 டிசம்பர் 1936
பூமாரி அத்தை மகன் சுந்தர்ராஜ் மச்சான் மதுரையில் இண்டர்மீடியட் தோற்று, விஞ்ஞானியாகக் கம்பம் திரும்பியிருக்கிறார். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். ஐந்து வருடமாகக் காய்க்காத எங்கள் தோப்பு மாமரத்தைச் சுற்றி, ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டார்.

"ரத்தக்குழாய் மாதிரி மரத்துக்குப் பட்டை, மாமா. தண்ணி அதுலதான் ஏறுது. வழிய அடைச்சா, பெரியாத்துத் தண்ணி மலையக் கொடஞ்சு வந்தாப்ல வேற வழியா குபுகுபுன்னு ஏறும்."

தண்ணீர் ஏறுவது உள்கட்டையில். இலை சமைத்த உணவுதான் பட்டை வழியாக வேருக்கு இறங்குகிறது. என் புத்தகத்தில் படமே இருக்கிறது. சொன்னேன்.

"பொம்பளப் பிள்ளைக்கு மரத்துக்குள்ளாற என்ன வேல?" என்றார் அப்பா.

11 பிப்ரவரி 1937
கிளைக்குக் கிளை பூ! வேருக்குப் போகவேண்டியதெல்லாம் மேலேயே தங்கிவிட்டது. இதை யாரிடம் சொல்ல? மச்சான் மீசையை முறுக்குகிறார்.

30 மே
காய் தாங்காமல் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்தார்கள். தையில் கல்யாணம் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். கல்யாண அடுப்புக்கு விறகும் அடுக்கியாயிற்று. என்னைத்தான் கேட்கவில்லை. அந்த மரத்தையாவது கேட்டிருக்கலாம்.

2 ஜூன்
தனியே போய்ப் பார்த்தேன். உரித்த இடத்தின் மேல்விளிம்பு வீங்கியிருக்கிறது, கீழ்விளிம்பு சப்பை. விரலில் நூலை இறுக்கினேன் – நுனிப்பக்கம் கருத்து வீங்கியது, திரும்ப வழியில்லாத ரத்தம். மரத்திலும் அப்படித்தான், இறங்குவது நின்றிருக்கிறது. வேர் பட்டினி. எத்தனை நாள் தாங்கும்? தைக்கு முன்பா, பின்பா?

சீ, ஒரு மரம் சாக நாள் எண்ணுகிறேன்.

9 அக்டோபர்
தோப்பு முழுக்க உரிக்க வேண்டுமாம்! தோட்டக்காரர் ஒச்சாண்டி அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். வாதாடினால் நடக்காது. தரையைப் பார்த்து வெட்கப்பட்டேன்:

"கல்யாணம் முடிஞ்சு மருமகனா வந்து கைய வைக்கட்டும்ப்பா. அதுதான அவுகளுக்கு மருவாத."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "புள்ளைக்குப் புத்தி வந்திருச்சு" என்றார் அம்மாவிடம்.

18 நவம்பர்
இலை வெளுக்கிறது. மழை அதிகமாம். மச்சான் சொல்கிறார்.

20 டிசம்பர்
மரம் பட்டுவிட்டது. ஒச்சாண்டி தோண்டிய வேர் கையிலேயே பொடிந்தது. "பட்டினி கெடந்து செத்திருக்குங்கய்யா. சின்னாத்தா அன்னைக்கே சொன்னாக" என்றார் என்னைக் காட்டி.

"ஏலே, நீ தண்ணி ஊத்துனியா?" என்று மச்சான் அவர்மேல் பாய்ந்தார்.

அப்பா மற்ற மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோப்பு பூராத்தையும் ஒங்கிட்டக் குடுத்திருப்பேனே, சுந்தர்ராசு." மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

9 ஜனவரி 1938
"பஞ்சம்மா, கல்யாணத்துக்கு அடுக்கி வச்ச வெறக எடுத்து நெல்லு அவிச்சிரு" என்றார் அப்பா, அம்மாவிடம். அம்மா விறகை அள்ளப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் பார்க்காமலேயே: "அந்தப் படம் போட்ட புத்தகத்தக் கொண்டா, ஆத்தா."

புத்தகம் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. சற்று நேரம் தேடினேன்.