சலாமிக்கும் நாடி துடித்தது

பிப்ரவரி 11, செவ்வாய்

மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னார். இரத்தம் பொருந்துகிறது, திசு பொருந்துகிறது, எடைதான் இடிக்கிறது. ஒன்பது கிலோ குறைத்துவிட்டு வந்தால் என் சிறுநீரகம் ஒன்றை எடுத்துத் தம்பிக்கு வைப்பார்களாம். தம்பி லச்செசர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடக்கிறான். நானோ டாக்சி நிறுவனத்தில் நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று ரேடியோவில் கத்துகிறவள். நடக்கவேண்டும். அளந்து சாப்பிடவேண்டும்.

பிப்ரவரி 13

நடந்தால் எத்தனை கலோரி கரைகிறது என்று நாடித்துடிப்பை வைத்துச் சொல்லும் கருவி இருக்கிறதாம். கடைக்காரர் மூன்றை எடுத்துப் பரப்பினார். பேர்போனது என் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். மார்பில் கட்டும் பட்டை நடுத்தர விலை. மணிக்கட்டில் கட்டுவது மலிவு. "எல்லாம் ஒண்ணுதாம்மா. இது பாக்கவும் நல்லாருக்கு" என்று மலிவானதைத்தான் நீட்டினார். விலை குறைந்ததை விற்க இப்படி ஆசைப்படும் கடைக்காரரை நான் எங்கள் ரூசே நகரத்தில் பார்த்ததே இல்லை. என்னவோ இருக்கிறது.

இருந்தும் அதைத்தான் வாங்கினேன்.

பிப்ரவரி 16

டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் நடை. அறுநூற்றுப் பத்து கலோரி! திரும்பும் வழியில் பனித்சா அடுக்கு ரொட்டி, சூடாக, பாலாடைக்கட்டி ஒழுக ஒழுக. இரண்டு துண்டு. கணக்குப்படி எனக்கு உரிமை உண்டு.

பிப்ரவரி 28

எடை அசையவில்லை. குளியலறைத் தராசு கிழடு, பொய் சொல்கிறது என்று மருந்துக்கடைக்குப் போய் நின்றேன். அதுவும் அதையே சொல்கிறது. இரண்டும் பேசி வைத்துக்கொண்டதா?

மார்ச் 2

பாத்திரம் கழுவுவதற்காகக் கைப்பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். வெட்டி வைத்திருந்த சலாமி இறைச்சித் துண்டின் மேல் கிடந்தது போல. திரும்பிப் பார்த்தால் பச்சை விளக்கு மினுக்குகிறது. நாடித்துடிப்பு எண்பத்து நான்கு. சலாமிக்கு!

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவனுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, அதோட ரத்த வகை என்னன்னு கேளு. பொருந்துச்சுன்னா உன்ன விட்டுடறேன்."

நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு அந்தக் கடைசி வார்த்தை காதிலேயே நின்றது. விட்டுவிடுவானாமே. எதற்கு அப்படிச் சொன்னான்?

மார்ச் 5

மார்புப் பட்டை வாங்கினேன். உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்டவேண்டும். அதே கரை, அதே நடை. இருநூற்று எழுபது கலோரி. பாதிகூட இல்லை! இன்னும் நன்றாக நனைத்துக் கட்டி மறுபடி நடந்தேன். அதற்கும் குறைவு. பெட்டியின் ஓரம் ஏற்கெனவே பிரித்து ஒட்டியது போல இருந்தது. யாரோ திருப்பிக் கொடுத்த ஓட்டைச் சாமானைக் கடைக்காரர் என் தலையில் கட்டியிருக்கிறார்.

கைப்பட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டேன். சலாமி விஷயம் வேறு, மனுஷி விஷயம் வேறு.

மார்ச் 9

ரும்யானா வந்தாள். தம்பி மனைவி சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவள் இல்லை. தயிர் எடுக்கிற சாக்கில் குளிர்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று அவள் சொல்லட்டும், நான் பார்த்தேன்.

கிளம்பும்போது வாசலில் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "அண்ணி, இது கட்டாயம் ஒண்ணும் இல்ல. வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லிடுங்க" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "என்னடி, நான் வேணும்னே தின்னுட்டு இருக்கேன்னு சொல்ல வரியா? வேவு பாக்கவா வந்த?"

மின்தூக்கிக்குக்கூட நிற்காமல் படியிலேயே இறங்கிப் போனாள். எட்டு மாடி.

மார்ச் 16

இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். எவன் பொய்யன் என்று இன்றைக்குத் தெரியவேண்டும். நடுவழியில் நின்றேன், கழுத்தில் விரலை வைத்து ஒரு நிமிடம் நானே எண்ணினேன். நூற்றுப் பதினாறு. மார்புப் பட்டையில் நூற்றுப் பதினேழு. கைப்பட்டையில் நூற்று ஐம்பது.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சரக்குப் படகு எதிர்ப்பக்க ருமேனியக் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது.

கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன், தராசை, பட்டையை, பாவம் ரும்யானாவை. சலாமிக்கு உயிர் இருக்கிறது என்று சொன்ன சாமானை மட்டும் நம்பினேன் — ஏன்? அது என்னைச் சாப்பிடச் சொன்னது. எடை குறையாமல் இருந்தால் யாரும் என்னிடம் சிறுநீரகம் கேட்கமாட்டார்கள். மருத்துவரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். நான் நல்ல அக்காவாகவே இருந்துவிடலாம்.

கத்தின்னா எனக்கு பயம். அவ்ளோதான். அவ்ளோதான் விஷயம்.

மார்ச் 17

டயாலிசிஸ் அறையில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "பயமா இருக்குடா. ரொம்ப."

"தெரியும்" என்றான். "சலாமி கதை சொன்னப்பவே தெரியும். நீ அவ்ளோ சத்தமா சிரிச்சா எதையோ மறைக்கறன்னு அர்த்தம். அதான் ரும்யானாவ அனுப்பினேன். வேண்டாம்னு சொல்ல உனக்கு ஒரு வழி விடணும்ல?"

"அவளா வரலயா?"

"மாட்டேன்னு ரெண்டு நாள் அழுதா. அவளுக்கு நான் வேணுமே. அப்புறம் எனக்காக வந்து சொன்னா."

அவளிடம் நான் கேட்ட கேள்வியை நினைத்தேன். இயந்திரத்தில் அவனுடைய இரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும் வழியில் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவளைக் கட்டிக்கொண்டேன். "எட்டு மாடி எறங்கினியே, எத்தன கலோரி ஆச்சு?" என்றேன். "போங்க அண்ணி" என்று என் தோளிலேயே மூக்கைத் துடைத்தாள். இனி ஞாயிறுதோறும் அவளும் நடக்க வருகிறாளாம்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். எல்லோரும் ஆட்டுக்கறி சாப்பிட்டார்கள். நான் வெள்ளரிக்காய். பயம் அப்படியேதான் இருக்கிறது. பாவாடை மட்டும் தளர்ந்திருக்கிறது.

ஜூன் 24

மருத்துவர் இன்று என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்.

ஜூலை 10, சோபியா நகர மருத்துவமனை

இருமினால் விலாவுக்குக் கீழே யாரோ திருகுகிற மாதிரி இருக்கிறது. லச்செசர் இரண்டு அறை தள்ளி. அவனுக்கு வைத்த என் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காலையிலிருந்து யாரும் எனக்குச் சொல்லவில்லை. நர்ஸுகள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவது போலவே பட்டது. மதியம் ரும்யானா ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தாள்.

"அண்ணி! உங்க தம்பிக்கு ஒன்னுக்கு வந்துடுச்சு! பை நெறைய அண்ணி, பை நெறைய!"

நடைக்கூடமே திரும்பிப் பார்த்தது. சிரித்துவிட்டேன். தையல் இழுத்தது. இழுக்கட்டும்.