முழுப் பணி நிறைவு

மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம், அங்கே நீ நலமா என்றுதான் தொடங்க வேண்டும். உன் அப்பா நலம், அவருடைய சைக்கிள் கடையும் நலம், தம்பிக்குத் தடுமன் விட்டுவிட்டது. நான் நலமாக இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய், அதை நினைத்தால்தான் எனக்கு எரிகிறது. போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்து பேசுவாய், எனக்கு வழக்கம்போல வாய் அடைத்துக்கொள்ளும், கடைசியில் சரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கு என்று சொல்லி வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுக்கப் படி.

உங்கள் தலைமை அலுவலகத்து ஊழியர் நலப் பிரிவிலிருந்து அந்தப் படிவம் வந்த அன்று நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. ஊழியர்கள் வேலையில் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று அறிய இருபது கேள்விகள், அதைத் தமிழில் எழுதியது என் மகள். இந்தப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் சேர்ந்து பதினேழு வருடத்தில் நான் உரக்கச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு தபாலில் படித்து வாங்கியது. நீ எங்கள் எல்லோருக்கும் கேள்வி எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்றால் சும்மாவா. மேலாளர்கூட, பரவாயில்லையேம்மா, உங்க பொண்ணா, என்றார். அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்ததே அன்றைக்குத்தான்.

பன்னிரண்டாம் கேள்வியை நீ எழுதியபடியே எழுதுகிறேன், மறந்துபோயிருந்தால் படித்துக்கொள். "நான் முழுப் பணி நிறைவு பெறுகிறேன்." எதிரே ஆம், ஓரளவு, இல்லை என்று மூன்று கட்டம். பணி நிறைவு என்றால் அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரே பொருள்தான், ஓய்வு பெறுவது. யாராவது ஓய்வு பெற்றால் அந்த வார்த்தையைத்தான் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி, கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். காசாளர் படிவத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கே, அதுக்குள்ள என்ன அவசரம் இவங்களுக்கு, என்றார். தட்டச்சு செய்கிறவர், ஓரளவு நிறைவுன்னா மத்தியானத்தோட வீட்டுக்குப் போயிடலாமா, என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். நான் சாப்பாட்டு நேரத்தில் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய், ஐயோ அம்மா, அது மனசு நிறைஞ்சு இருக்கான்னு கேக்குறது, இதுகூடவா புரியாது உங்க ஆபீஸ்ல, என்றாய். நானும் நீ சொன்னதை நம்பி மேசை மேசையாகப் போய் எல்லோருக்கும் பொருள் சொன்னேன். என் குரல் கேட்காதவர்களுக்கு இரண்டு முறை சொன்னேன்.

பொருள் புரிந்ததும் எல்லோரும் ஆசை தீர இல்லை என்று குறித்தார்கள். ஏன் குறிக்க மாட்டார்கள். பெண்கள் கழிவறைச் சாவி மேலாளரின் இழுப்பறையில் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டு வாங்க வேண்டும், இப்பதானே போனீங்க என்பார். இருக்கும் ஒரே நல்ல மின்விசிறி அவர் பக்கம் திரும்பியபடியே சிக்கிக்கொண்டு சுற்றுகிறது. என் நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்லை. இதற்கு நடுவில் நீங்கள் அனுப்பிய சுவரொட்டி வேறு, சிரித்த முகத்துடன் பணியாற்றுவோம் என்று, அதை அந்தப் பூட்டிய கழிவறைக் கதவில்தான் ஒட்டியிருக்கிறார்கள். படிவத்தில் பெயர் எழுத வேண்டாம் என்று நீ அச்சடித்திருந்தாய். மேலாளருக்கு அது பொறுக்கவில்லை, யாரோடதுன்னே தெரியாத காகிதத்தை நான் எப்படி மேல அனுப்புறது, எல்லாரும் கீழ கையெழுத்துப் போட்டு வயசும் பதவியும் எழுதுங்க, என்று வாங்கிக்கொண்டார். இப்படியும் ஆள்கள் இருப்பார்கள் என்று ஒரு நாளாவது ஒரு சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

அலுவலகம் முழுவதிலும் ஆம் என்று குறித்தது ஒரே ஒருவர், பதிவறை அக்கா. உனக்கு அவரைத் தெரியும், உன் பிறந்த தேதியில் இருந்த பிழையைத் திருத்திக் கொடுத்தவர். தூசியில் இருமிக்கொண்டு நாள் முழுக்க அந்த அறைக்குள்தான் இருப்பார், வெளியே வரச் சொன்னாலும் வர மாட்டார். போன மாதம் ஒரு வயதான அம்மாள் வந்தார், பிறந்த வருடம் தெரியாது, பாலம் உடைந்த மழையில் பிறந்தேன் என்று மட்டும் தெரியும். அக்கா கால் மணி நேரத்தில் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, இதோ பாரு, உங்கப்பா பேரு, உங்கம்மா பேரு, நீ செவ்வாய்க்கிழமைக்காரி, என்றார். அந்த அம்மாள் அழுதுவிட்டார். அப்படிப்பட்டவரிடம் வேலையில் மனம் நிறைந்திருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வார். இதுக்கு ஒரு படிவமா, என்று சிரித்துக்கொண்டே ஆம் என்று குறித்து, அழகாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அதே மாதத்தில்தான் ஐம்பது வயது கடந்தவர்கள் விரும்பினால் முன்கூட்டியே ஓய்வு பெறலாம் என்ற சுற்றறிக்கையும் வந்தது. விரும்புகிறவர்கள் எழுதித் தர வேண்டும். நாங்கள் நிரப்பிய படிவங்களும் அந்த ஓய்வு விருப்பக் கடிதங்களும் ஒரே உறையில் மேலே போயின. அங்கே யாரோ ஒருவர், ஐம்பத்திரண்டு வயது, நான் முழுப் பணி நிறைவு பெறுகிறேன், ஆம், கீழே கையெழுத்து, பதவி, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று எடுத்துத் தனியாக வைத்துவிட்டார். போன வாரம் ஆணை வந்தது. அக்காதான் முதலில் பிரித்தார். தங்கள் பணி நிறைவு மகிழ்வுடன் ஏற்கப்படுகிறது என்ற முதல் வரியைப் படித்துவிட்டு அது பாராட்டுக் கடிதம் என்று நினைத்துக்கொண்டார். பார்த்தியாம்மா, உன் பொண்ணு கேட்ட கேள்விக்கு நான் ஒருத்திதான் ஒழுங்கா பதில் சொல்லியிருக்கேன், என்று என்னிடம் நீட்டினார். மேசை மேசையாகப் போய் மிட்டாய் கொடுத்தார், காகிதத்தை மடங்காமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். நான் இரண்டாம் பத்தியைப் படித்தேன். இம்மாதம் முப்பதாம் தேதி பிற்பகல் பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு விடுபட வேண்டும். அந்த மிட்டாய் என் வாயில்தான் இருந்தது. அவரைப் பதிவறைக்குள் கூட்டிப்போய் நான்தான் சொன்னேன். நம்பவில்லை, நீதானே சொன்னே மனநிறைவுன்னு, என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் திறந்து கிடந்த பதிவேட்டை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

அன்று மாலையே உனக்குப் போன் செய்தேன். வார்த்தை சரிதான்மா, அகராதியைப் பாருங்க, என்றாய். இரண்டாம் நாள், கையெழுத்து வாங்கினது உங்க மேலாளர் தப்பு, என்றாய். மூன்றாம் நாள்தான் உண்மை வந்தது. எனக்குத் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, இப்பப் போய் நான் எழுதின கேள்வி தப்புன்னு நானே எழுதிக் கொடுத்தா என்னை நிரந்தரம் பண்ண மாட்டாங்க, ரெண்டு மாசம் போகட்டும், என்றாய். இரண்டு மாதம் கழித்து யாருக்காக எழுதுவாய்? அதற்குள் அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பார், அவர் இடத்தில் பூட்டுதான் தொங்கும். உங்க அக்கா, உங்க அக்கா என்று நீ சொன்ன தொனி இன்னும் என் காதில் இருக்கிறது. ஊழியர் நலப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஊழியரைப் பற்றிப் பேசுகிற தொனியா அது? மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்ன ஒரே ஆளையும் வெளியே அனுப்பிவிட்டு யாருடைய மகிழ்ச்சியைக் கணக்கெடுக்கப் போகிறீர்கள்?

உன் அப்பாவும் உன் பக்கம்தான், சந்தோஷப்படு. யாரோ ஒருத்தி வேலைக்காக நம்ம பொண்ணு வேலையை ஏன்டி கெடுக்குற, என்று கத்தினார். இரண்டு நாளாக நான் அவரோடு பேசவில்லை. இதற்காக அவருக்குப் போன் போட்டு அழாதே.

இன்று பதினாறாம் தேதி. காலையில் நான் ஒரு விளக்க மனு எழுதி மேலாளரிடம் நேரில் கொடுத்தேன். அந்தக் கேள்வி ஓய்வைப் பற்றியது அல்ல, மனநிறைவைப் பற்றியது, படிவம் தயாரித்தவரே என்னிடம் போனில் அப்படிச் சொன்னார், நான் சொன்ன பொருளை நம்பித்தான் பதிவறை உதவியாளர் ஆம் என்று குறித்தார் என்று எழுதியிருக்கிறேன். உன் முழுப்பெயரும் பிரிவும் மூன்றாம் வரியில் இருக்கின்றன. என் மகள் என்று எங்கும் எழுதவில்லை. ஏம்மா, சொந்தப் பொண்ணு மேலயே எழுதித் தர்றீங்களே, என்று மேலாளர் இரண்டு முறை கேட்டார், ஆமாம் சார், முத்திரை போட்டு ரசீது குடுங்க, என்றேன்.

அந்த மனு மேலாளர், மண்டல அலுவலகம் என்று முறைப்படி ஊர்ந்து வர வேண்டும், அடுத்த திங்கட்கிழமைக்கு முன் உன் பிரிவுக்கு வராது. இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன், நாளை மறுநாள் உன் கையில் இருக்கும். நடுவில் இருக்கும் நாள்கள் உனக்கு. உன் திருத்தக் கடிதம் முந்தினால் தன் பிழையைத் தானே கண்டுபிடித்தவள் என்று பெயர் வாங்குவாய், என் மனு முந்தினால் அம்மாவே காட்டிக்கொடுத்த மகள் என்று பெயர் வாங்குவாய். எது ஆனாலும் முப்பதாம் தேதிக்குள் அக்காவின் ஆணை ரத்தாக வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா? தள்ளிப்போடாதே, அதையும் இரண்டு மாதம் கழித்து என்று சொல்லாதே. உடம்பு நன்றாக இருக்கட்டும், புத்தியும் நன்றாக இருக்கட்டும், செய்கிற வேலை நிலைக்கட்டும். இது மனதாரச் சொல்வதுதான். திருத்தக் கடிதம் எழுதும்போது பன்னிரண்டாம் கேள்வி என்று எண்ணைத் தெளிவாகப் போடு, நகல் ஒன்று எனக்கு அனுப்பு. அது வரும்வரை போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அந்த வார்த்தைக்குப் பொருள் சொன்னவளும் உன்னைப் பெற்றவளுமான
அம்மா