அப்பா போட்ட கொங்கிரீட்

அன்பும் பிடிவாதமும் சரிபாதியாகக் குழைத்துச் செய்யப்பட்ட என் அப்பாவுக்கு,

மேலே சுகமா? அங்கேயும் கொங்கிரீட் போட ஆள் பிடித்திருப்பீர்கள். மேகத்தில் போடாதீர்கள்; எங்கள் தலையில்தான் விழும்.

லண்டன் ஹரோவில், நம் தெருவில் இப்போது எந்த வீட்டு வாசலிலும் மண் இல்லை. முதலில் புல்லைப் பிடுங்கியவர் நீங்கள்.

"சனம் வந்தா கார் விட இடம் வேணும் பிள்ளை."

"மழைத் தண்ணி எங்கயப்பா போகும்?"

"லண்டன் மழை மூக்குச் சிந்தினமாதிரி. அது தன்ர வழியில போகும்."

போனது, அப்பா. நேரே நம் வீட்டுக்குள் போனது. காருக்கென்று போட்ட இடத்தில் கார்மேகம் வந்து இறங்கியது.

தெருக் கழிவுக்கான் நிறைந்து கக்கூஸ் வழியாகப் பொங்கியதே, அது மழைத் தண்ணீரா? மணம் உங்களுக்குத் தெரியவில்லையா? நீங்களோ சீனி வருத்தக்காரர், நீரிழிவால் குதிக்கால் முழுக்க வெடிப்பு. வெறுங்காலோடு இறங்கி சோபாவைத் தூக்கினீர்கள். "சப்பாத்தைப் போடுங்கோ!" என்று அம்மா கத்தினார். சப்பாத்து நனைந்துவிடுமாம்!

கால் வீங்கியது, கிருமி இரத்தத்தில் ஏறியது, நீங்கள் போய்விட்டீர்கள். சோபா நலம். கொஞ்சம் பூஞ்சணம், அவ்வளவுதான். சுவரிலும் அதே பூஞ்சணம். கீழறையில் படுக்கும் தம்பி இருமிக்கொண்டே இருக்கிறான். மூச்சுக்குப் பம்ப் அடிக்காமல் அவனால் படியேற முடியவில்லை.

உங்கள் செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்குக் கார் விட இடம் தாராளமாக இருந்தது. சந்தோஷமா?

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் சாப்பாடு. சித்தப்பா வடையை மென்றுகொண்டே, "அண்ணையின்ர ஞாபகமா பின்வளவுக்கும் கொங்கிரீட் போடுவம். சனிக்கிழமை ஆக்கள் வருவினம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அடுத்த மழைக்குத் தம்பியையும் அனுப்பலாம் சித்தப்பா. அப்பாவுக்குப் பேச்சுத்துணை."

ஒருவரும் மெல்லவில்லை. "வாய்க்கொழுப்பு!" என்று சித்தப்பா எழும்பினார். என்னை ஏசுவார் என்று அம்மாவைப் பார்த்தேன். தம்பி இருமி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு பின்வளவுக்குப் போய், நிலம் கிண்டும் அலவாங்கைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். சித்தப்பாவிடம் திரும்பினார்.

"முன்னால நிக்கிற உங்கட காரை எடுங்கோ. பிள்ளை உடைக்கப் போறாள்."

அப்பா, வாக்குத் தருகிறேன். நீங்கள் போட்டதில் ஒரு துண்டும் மிச்சம் விடமாட்டேன். கோபமென்றால் மழையாக வந்து ஏசுங்கள். இந்தமுறை மண்ணுக்குள் இறங்கலாம்.

சொல்வழி கேளாத,
உங்கள் மூத்தவள்