ஓனர் இடத்தில் நீ போட்ட பெயர்

இன்று காலை மகள் தன் லேப்டாப்பில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரையில் வரிகள் சரசரவென்று ஓடின. அதில் ஒரு வரி கண்ணில் பட்டது. இன்ஸ்டால், அதன் பின்னால் ஒரு மைனஸ், ஒரு சி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னம்மா, தனியா சிரிக்கிற?" என்றாள்.

அவளுக்கு என்னவென்று சொல்வது? இந்த கே.கே. நகர் வீட்டில் மைனஸ் சி-யைப் பார்த்துச் சிரிக்க என்னைத் தவிர ஆளில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒருத்தி இருந்தாள், அவளும் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. கல்லூரிக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்த புதிது. அதற்காக ஒரு அறைக்கு ஏ.சி. போட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளிர் தாங்காமல் நீ சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் உன்னை "பாட்டி" என்பேன். "போடி, ஒனக்குத் தோல் எருமைத் தோல்" என்பாய். நீ நிரந்தர ஊழியை, சிஸ்டம் பாஸ்வேர்டு தெரிந்தவள். நான் தற்காலிகம். பரீட்சை முடிந்ததும் என்னை அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், தம்பி படித்துக்கொண்டிருந்தான். அந்த வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் 'சீட்' என்ற நிரலை எழுதினேன். பரீட்சை ஹாலில் மெக்கானிகல் பையன் பக்கத்தில் இன்னொரு மெக்கானிகல் பையன் வராமல் உட்கார வைக்க வேண்டும். ஆபீஸில் ஆளாளுக்கு ஸ்கேலும் பென்சிலும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை. என் நிரல் அதை டீ குடித்து முடிப்பதற்குள் அச்சடித்துவிடும். பரீட்சைப் பிரிவு அதிகாரி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் எனக்கு ஒரு வழி பிறக்கலாம் என்று நீதான் சொன்னாய்.

எல்லோரும் ஓட்டக்கூடிய நிரலென்றால் சிஸ்டத்தின் பொது டைரக்டரியில் போய் உட்கார வேண்டும். முன்பெல்லாம் கையால் காப்பி செய்வோம். பிறகு உரிமையாளர் பெயர் போட வேண்டும், யார் ஓட்டலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். மறுநாள் ஒரு வாத்தியார் வந்து, "என்னம்மா, ஓடவே மாட்டேங்குது" என்று நிற்பார். நீ மேனுவலைப் புரட்டி இன்ஸ்டால் என்ற கட்டளையைக் கண்டுபிடித்தாய். எல்லாம் ஒரே வரியில் முடியும் என்றாய். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து நீ அதைத் தட்டினாய். நான் பிரிண்டருக்குப் பேப்பர் மாட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாவிட்டால் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று என் டைரக்டரியைத் திறந்தேன். சீட் இல்லை.

"காணோம்டி!"

"என்ன காணோம்?"

"சீட்டைக் காணோம். அழிஞ்சு போச்சு. நீதான் என்னமோ பண்ணிட்ட!"

நீ குனிந்து பார்த்தாய். மறுபடி பட்டியல் போட்டாய். உன் முகம் வெளுத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேறு பிரதி கிடையாது என்றே நினைத்தோம். டேப்பில் எடுத்து வைப்பது சனிக்கிழமை வேலை, அன்று புதன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தபோது கதவு திறந்தது. துறைத் தலைவர், அவர் பின்னால் பரீட்சைப் பிரிவு அதிகாரி, கூட இரண்டு பேர், எல்லோரும் வெறுங்காலோடு.

தலைவர் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நம்மை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. 'சீட்' என்று ஒற்றை விரலால் தட்டினார். நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

பிரிண்டர் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது.

"ஓடறதுடி!" என்று என் காதில் கத்தினாய். அது ரகசியம் என்று உனக்கு நினைப்பு. அந்த அறைக்கே கேட்டது. அதிகாரி பேப்பரைக் கிழித்து, ஹால் ஹாலாக விரல் வைத்துப் பார்த்தார்.

"பிரமாதமா இருக்குங்க. யாரு பண்ணது இதை?"

"எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட்லதான்" என்றார் தலைவர். அவர் கெட்டவர் இல்லை. தற்காலிக ஊழியரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமில்லாதவர். பொது டைரக்டரியில் இருந்த நம் நிரல்கள் அத்தனைக்கும் உரிமையாளர் என்று அவர் பெயர்தான் இருக்கும். அதுதான் வழக்கம்.

"சார், லிஸ்ட் போட்டுக் காட்டட்டுமா?" என்று நீ குறுக்கே புகுந்தாய். பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டியும் விட்டாய். திரையில் வரிசையாக அவர் பெயர், அவர் பெயர், அவர் பெயர். சீட் இருந்த வரியில் மட்டும் என் பெயர்.

"ஸ்டெல்லா யாரு?" என்றார் அதிகாரி.

நான் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினேன்.

"இந்தப் பொண்ணு அடுத்த செமஸ்டருக்கும் இருக்கும் இல்லீங்களா?"

தலைவர் திரையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இருக்கும், இருக்கும்" என்றார்.

அவர்கள் போனதும் மேனுவலை எடுத்து மறுபடி படித்தோம். அந்த இன்ஸ்டால் சும்மா சொன்னால் காப்பி எடுக்காது. கோப்பையே தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிடும். இங்கேயும் ஒன்று இருக்க வேண்டுமென்றால் மைனஸ் சி போட வேண்டுமாம். "பொறந்தாத்துல தேடிண்டு அழுதுண்டிருக்கோம், அது புக்காத்துக்குப் போய் ஜம்முனு குடித்தனம் பண்ணிண்டிருக்கு" என்றாய். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை சிரித்தோம். கண்டக்டர் நம்மை ஒரு மாதிரி பார்த்தார். அதன் பிறகு யார் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், "மைனஸ் சி போட்டாளா, கேட்டியா?" என்பாய்.

என் வேலை நிரந்தரமானதும் முக்கொம்புக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நீ புளியோதரை கொண்டுவந்தாய், நான் அம்மா செய்த கல்கல் பலகாரம் கொண்டுவந்தேன். அணையின் ஷட்டர் வழியாகத் தண்ணீர் இறங்கும் சத்தத்தில் நான் கத்திக் கேட்டேன், ஏன் என் பெயரைப் போட்டாய் என்று.

"ஓனர் யாருன்னு போடறதுக்குன்னே ஒரு எடம் இருக்கு. யார் எழுதினாளோ அவ பேரைத்தானே போடணும்?"

"சார் திட்டியிருந்தா?"

"திட்டினா மாத்தியிருப்பேன். ஆனா அவா எல்லாரும் பாத்தாச்சே, அதை எப்படி மாத்தறது?" சொல்லிவிட்டு என் பங்குக் கல்கல்லையும் எடுத்துச் சாப்பிட்டாய்.

நீ அடுத்த சில வருஷங்களில் வேலையை விட்டுவிட்டாய். நான் அங்கேயே இருந்தேன். அந்த அறைக்கே பொறுப்பாளராகி, அங்கேயே ரிட்டயர் ஆனேன். தம்பி படித்தது, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது, இதோ இந்த வீடு, எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். எனக்குக் கீழே எத்தனையோ பெண்களும் பையன்களும் வந்தார்கள். அவர்கள் எழுதிய ஒவ்வொன்றையும் அவரவர் பெயரில்தான் ஏற்றினேன். மேலே இருந்தவர்களிடம் அதற்குத் திட்டும் வாங்கினேன். சந்தோஷமாகத்தான் வாங்கினேன்.

ரிட்டயர் ஆன அன்று கடைசியாக ஒருமுறை அந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். திரை கொள்ளாமல் பெயர்கள். உன் பெயர் மட்டும் அதில் எங்குமே இல்லை. நீ உனக்கென்று எதையும் அங்கே ஏற்றவில்லை. அன்றைக்கு மாலையைப் போட்டுக்கொண்டு அழுதேன், எல்லோரும் பிரிவுத் துயரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து யாராவது கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, நான் உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பால்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. இன்று காலை மகளிடம் பீன்ஸைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும் அவள், "அந்த ஆன்ட்டி பேரு என்னம்மா?" என்று கேட்டாள். வாய் நிறையச் சொன்னேன்.