ஊர் அறுத்த பிறகு

2024 அக்டோபர் 21, வ. புதுப்பட்டி

நாற்றங்காலில் விதை போட்டாயிற்று. மாப்பிள்ளைச் சம்பா. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து நாலு மாதம்; இன்றுதான் உருப்படியாக ஒன்று செய்த மாதிரி இருக்கிறது. முதுகுதான் நிமிர மாட்டேன் என்கிறது.

அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. ஒன்றரை ஏக்கரையும் குத்தகைக்கு விடுவதாகத்தான் இருந்தார். சண்டை போட்டு வாங்கினேன். "இந்த ஒரு போகம் உன் கையில. தேறிச்சுன்னா வயலு உனக்கு. தேறலைன்னா குத்தகைக்கு விட்டுருவேன். நீயும் பேசாம மெட்ராசுக்குப் போயிரணும்." நான் பிறக்கும் முன்னே பட்டாளத்தில் இருந்த மனுஷன், சொன்னால் சொன்னதுதான். நானும் அவர் பெண்தானே, சரி என்றேன்.

கண்மாய் மடையைத் திறந்து அடைக்கிற சங்கையா மாமா வரப்பில் நின்று, "எம்புட்டு நாள் பயிரு தாயி?" என்றார்.

"நூத்தறுபது நாள்" என்றேன் பெருமையாக. ஊர் முழுக்க நூற்றுப் பதினைந்து நாள் நெல். அதையே நானும் போடுவதற்கு எதற்குத் திரும்பி வந்தேன்? பழைய நெல்லின் அருமையைக் கால் மணி நேரம் அவருக்கு விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 23

நடவு முடிந்தது. "கம்ப்யூட்டர் தட்டுன கையி, பரவால்லையே" என்று நடவுக்கு வந்த வெள்ளத்தாய் அத்தை கேலி செய்தாள். சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 29

நல்ல மழை. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிறது. இனி எங்கேயும் போக வேண்டியதில்லை என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்.

2025 பிப்ரவரி 5

மடையை அடைத்துவிட்டார்கள்.

ஊரார் நெல் பழுத்துவிட்டது. இனி வயலில் தண்ணீர் நின்றால் அறுப்பு மெஷின் இறங்காது. கண்மாயில் மிச்சமிருப்பது மீன் குத்தகைக்கு. என் பயிர் இன்னும் கதிரே விடவில்லை. சங்கையா மாமாவிடம் ஓடினேன்.

"உனக்கு ஒருத்திக்குன்னு மடை திறக்க ஏலாது தாயி. தண்ணி நாப்பது பேரு வயலைத் தாண்டித்தான உன் வயலுக்கு வரணும்? அவிய நெல்லு என்னத்துக்கு ஆகும்?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"நீ எங்க கேட்ட? நீதான எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்த."

படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஊரே ஒரு சேர ஒரே நெல் போடுவது புத்தி இல்லாமல் அல்ல, மடை ஒன்று என்பதால். இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியவில்லை. த்தூ.

பிப்ரவரி 11

மேற்கு வயல்காரர் தங்கப்பாண்டியனோடு அப்பாவுக்குப் பதினொரு வருஷமாகப் பேச்சு இல்லை. இன்று அப்பா அவர் வீட்டு வாசலில் போய் நின்று கிணற்றுத் தண்ணீர் கேட்டிருக்கிறார். நாலு நாளைக்கு ஒருமுறை மோட்டார் போடச் சம்மதித்திருக்கிறார்கள். அப்பா வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அவரை அங்கே நிற்க வைத்தது நான்.

பிப்ரவரி 22

ஊர் அறுத்துவிட்டது. அறுத்த நெல்தாளில் ஆடு மேய்கிறது. நடுவில் என் வயல் மட்டும் பச்சை. கதிர் தலை காட்டியதும் இந்தச் சுற்று வட்டாரத்துக் குருவி அம்புட்டும் எனக்குத்தான். தகரம் தட்டித் தட்டிக் கை காந்துகிறது.

மார்ச் 9

கதிரில் பால் பிடித்துவிட்டது. மூன்று வாரம். மூன்றே வாரம்.

மார்ச் 12

காலையில் போனால்— பன்றி. மலையிலிருந்து இறங்கிய கூட்டத்துக்கு வேறு எங்கே பயிர் நிற்கிறது? மிதித்து, புரண்டு, மண்ணைக் கிளறி… கட்டுவதற்கு ஒரு கட்டுக்கூட மிச்சமில்லை. ஊரோடு அறுத்திருந்தால் வந்திருக்காது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அம்மாதான் அழுதாள். "எந்திரிட்டி. ஏட்டி, எந்திரி."

வனத்துறை ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு, மனு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 13

அப்பாவிடம் கேட்டே விட்டேன்.

"நூத்தறுபது நாள் இந்த மடையில ஆகாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"பொறவு ஏம்ப்பா சொல்லல?"

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நீ வந்ததே பெருசு. வேணாம்னு சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிருவியோன்னு இருந்துச்சு" என்றார்.

தேறாவிட்டால் போய்விடு என்று சொன்ன வாய். என்னைப் போக விடாமல் வைத்துக்கொள்ளத்தான் இத்தனையையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். எம்புட்டுப் பெரிய பாவி நான். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 2

வயல் தங்கப்பாண்டியனுக்குக் குத்தகை. அப்பா சொல் மாறவில்லை. இன்னொரு போகம் கேட்க எனக்கு வாயில்லை.

ஜூன் 16, சென்னை

வேலையில் சேர்ந்தேன். நிரப்பக் கொடுத்த படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம். ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதி வந்தது. யோசிக்காமல் விவசாயம் என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. போன மாதத்திலிருந்து அப்பா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேன். "உக்காந்திருக்க வேலைதான், காலு வலிக்கல" என்கிறார் போனில்.

அடித்துவிட்டுப் பக்கத்தில் மாற்றி எழுதினேன். படிவத்தை வாங்கிப் பார்த்த பெண், அடித்த இடத்தில் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன்.