எழுபத்தொரு சதவீதம்

2 நவம்பர் 2025, ஞாயிறு

கல்கத்தா சால்ட் லேக் குவார்ட்டர்ஸ் சங்கக் கூட்டம். லிப்ட் பழுதைப் பற்றி மூன்றாவது வருடமாக ஒருமனதாகக் கவலைப்பட்டோம்.

கோவைக்கு மாற்றல் கேட்டு பாங்கில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஏப்ரலில் கிடைக்கும் என்கிறார்கள். மங்கைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். கேட்கவில்லை.

மங்கை இன்று ஒரு செய்தி சொன்னாள். செக்டர் ஃபைவில் ஏதோ மொழிபெயர்ப்பு கம்பெனி. தமிழுக்கு ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பித்துவிட்டாளாம். வரும் பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை பதினோரு மணிக்கு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தேர்வு எழுத வேண்டும். நல்லது, டைம்பாஸாக இருக்கும் என்றேன். நான் சாப்பிட்டு முடிக்கும் முன்பே குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

4 நவம்பர், செவ்வாய்

தேர்வுக்கான மென்பொருள் விண்டோஸ் பதினொன்றில் மட்டும்தான் திறக்குமாம். வீட்டில் இருப்பது லாக்டவுன் சமயத்தில் அஸ்வத்தின் வகுப்புக்கு வாங்கிய குட்டி லேப்டாப். அதில் பத்து. இந்த இயந்திரத்துக்குத் தகுதி இல்லை என்று திரை சொல்கிறது. இருபத்தேழு வருட பாங்க் சர்வீசில் நானும் பலரிடம் தகுதி இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் பிறகு கடன் வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அஸ்வத் கோவையிலிருந்து போனில், "அப்பா, அது தாங்காதுப்பா. அம்மாவுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றான். வாங்குவது யாராலும் முடியும் என்றேன். பேச்சை மாற்றிவிட்டான்.

5 நவம்பர், புதன்

விடுமுறை. பதினொரு வீடியோ பார்த்தேன். பதினொன்றிலும் முதல் வாக்கியம், இது ரொம்ப சுலபம்.

8 நவம்பர், சனி

லேப்டாப்பில் இடம் போதவில்லை. நம் வீட்டுப் பரணில் இதைவிட அதிக இடம் இருக்கிறது. அஸ்வத்தின் விளையாட்டுகளை அழித்தேன். இன்னும் சிலவற்றையும் அழித்தேன். என்னவென்று எல்லாம் திறந்து பார்க்கவில்லை.

மேல்வீட்டு ரஞ்சனா சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தாள். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். செக்டர் ஃபைவில் வேலை. "ஆபீஸ் லேப்டாப் குடுக்க முடியாது அங்க்கிள். ஆனா இத நான் பண்ணித் தரேனே" என்றாள். சிரமம் வேண்டாம் என்றேன். நாளை ஒரு மதியப் பொழுதில் முடிகிற வேலை.

9 நவம்பர், ஞாயிறு

எமகண்டம் ஒன்றரைக்கு முடிந்தது. ராகுகாலம் நாலரைக்கு. நடுவில் மூன்று மணி நேரம் சுத்தமாக இருக்கிறது. இரண்டு ஐந்துக்கு ஆரம்பித்தேன்.

தகுதி இல்லாத இயந்திரத்தில் ஏற்றுவதால் எது நடந்தாலும் பொறுப்பேற்க முடியாது என்று திரை ஒரு ஒப்புதல் கேட்டது. எங்கள் கடன் படிவத்திலும் இதே வாக்கியம் உண்டு. யாரும் படிப்பதில்லை. நானும் படிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

மூன்று இருபதுக்கு எழுபத்தொரு சதவீதம். அப்போது லேக் கார்டன்ஸ் வீரராகவன் சார் போன் செய்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கல்கத்தா தமிழர்களுக்கு நாள், கிழமை எல்லாம் அவர்தான். பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

"நாலரைங்கறது மெட்ராஸ் காலண்டர் சார். இங்க அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடறதே. இந்த ஊர்க் கணக்குக்கு மூணரைக்கே ராகுகாலம் வந்துடும்."

கணக்கு சரிதான். போட்டுப் பார்த்தேன். இன்னும் பத்து நிமிடம் கூட இல்லை. மீதி இருபத்தொன்பது சதவீதம் ராகுகாலத்தில் ஏறினால் அவள் தேர்வு என்ன ஆவது? பாங்கில் நேரமானால் கோப்பை மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடர்வோம். அப்படித்தான் செய்தேன். கணினியை அணைக்க வேண்டாம் என்று திரையில் கீழே போட்டிருந்தது. நான் அணைக்கவில்லை, நிறுத்தி வைத்தேன். பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்த வேண்டியிருந்தது.

ஐந்து மணிக்குத் திறந்தேன். கறுப்பு. சார்ஜரை மாற்றி மாற்றிச் செருகினேன். கறுப்பு.

மங்கை கதவருகே நின்றாள். "ராகுகாலத்துல முடியக் கூடாதுன்னு நிறுத்தினீங்களா?"

ஆமாம் என்றேன். உள்ளே போய்விட்டாள்.

10 நவம்பர், திங்கள்

மார்க்கெட் ரிப்பேர் கடைக்காரர் பத்து நாள் கேட்கிறார். தேர்வு நாளை மறுநாள். பரவாயில்லை, அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்று மங்கையிடம் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"அடுத்த தடவை அடுத்த தடவைன்னே எனக்குப் பதினேழு வருசம் போச்சுங்க. உங்க மாத்தலுக்காக ஈரோட்டு ஸ்கூல்ல விட்டேன். சேலத்துல விட்டேன். நாக்பூர்ல சேர்ந்து நாலு மாசத்துல விட்டேன். இன்னும் எத்தனை ஊருங்க?"

ஈரோடு எனக்கு ஞாபகம் இருந்தது. நாக்பூர் — சத்தியமா மறந்தே போச்சு.

11 நவம்பர், செவ்வாய்

பாங்கிலிருந்து வந்தால், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் பதினொன்று! ரஞ்சனா காலையில் ஒரு பென் டிரைவ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆபீசிலிருந்து போனில் அவள் சொல்லச் சொல்ல, மங்கை ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறாள். பழையதை எல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து. இரண்டு தடவை பாதியில் நின்றதாம். சத்தம் மட்டும் வரவில்லை. தேர்வுக்கு அது வேண்டியதில்லை.

எப்போது ஆரம்பித்தாய் என்றேன். மூன்று மணிக்கு என்றாள். செவ்வாய் மூன்று மணி எந்த ஊர்க் கணக்கிலும் ராகுகாலம்.

அவள் சேர்த்து வைத்திருந்த மாதிரி வினாத்தாள்கள் போய்விட்டன. சனிக்கிழமை நான் அழித்தவற்றில் இருந்திருக்கின்றன. முன்பே நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறாள். என்னை நம்பவில்லை என்பது கொஞ்சம் வலித்தது. நல்லவேளை நம்பவில்லை.

12 நவம்பர், புதன்

ஒன்று பத்துக்கு போன் செய்தாள். "எழுதிட்டேனுங்க."

24 நவம்பர், திங்கள்

தேர்வாகிவிட்டாள். வீரராகவன் சாரிடம் சொன்னேன். அன்றைக்கு நிறுத்தச் சொன்ன பலன் பார்த்தீர்களா என்கிறார்.

1 டிசம்பர், திங்கள்

மங்கைக்கு இன்று முதல் நாள். எட்டரைக்கு ஆட்டோ பிடித்துப் போனாள். டீயை நானே போட்டேன். மோசமில்லை, நன்றாகவும் இல்லை.

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை, அதனால் எழுதலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை திரை கறுத்தபோது நான் பதறியது உண்மை. ஆனால் அதற்கு முன் ஒரு நொடி நிம்மதி வந்தது. இவள் வேலைக்குப் போகாவிட்டால் கோவைக்குக் கிளம்புவதில் சிக்கல் இருக்காது என்ற நிம்மதி. ராகுகாலத்துக்குப் பயந்துதான் நிறுத்தினேனா? இல்லை, நிறுத்த ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தேனா? வெட்கமாக இருக்கிறது.

20 ஏப்ரல் 2026, திங்கள்

கோவை ஆர்டர் வந்துவிட்டது. ரசகுல்லா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மங்கையும் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தாள். கைப்பையைக் கூடக் கழற்றவில்லை. ஆர்டரை முழுதும் படித்தாள். ரொம்ப சந்தோசமுங்க என்றாள், நிஜமாகவே. மே மாதம் சாமான்களைக் கட்டிவிடலாம் என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேனுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் வாதாடியிருக்கலாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். ரசகுல்லாவை மட்டும் இரண்டு சாப்பிட்டாள்.

மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க எந்தப் படிவம் என்று நாளை பாங்கில் கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் அதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.